கருப்புக்கு வைத்தியம் எதுக்கு?

சீரம் என்ற சொல் மாமல்லபுரம் கடற்கரைக்குப் புதுசு இல்லை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலையும் பிடித்து வந்து, பானையில் வைத்து, விஷத்தைக் கறந்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதுதான் பாம்புக்கடிக்குப் போடுகிற சீரம். அக்ரகாரத்தில் கடித்தாலும் அதே மருந்து, ஊர்த் தெருவில் கடித்தாலும் அதே மருந்து. விஷம் யார் கை பட்டது என்று அப்போது எவனும் கேட்பதில்லை. 2023-ல் இந்த மாவட்டத்து இருளர் இரண்டு பேருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இன்றைக்குச் செங்கல்பட்டு பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் சீரம் என்று கேட்டால் பாம்புக் கதை யாருக்கும் ஞாபகம் வராது. சொட்டு மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து வைப்பார்கள். 30 மில்லி. ஐநூறோ அறுநூறோ. பிரைட்டனிங் சீரமாம். முகத்திலிருந்து இருளை எடுக்கிற சீரம். பேரிலேயே இருளை வைத்திருக்கிற சனங்கள் விஷம் கறந்து ஒரு சீரத்துக்குக் கொடுக்கிறார்கள். இன்னொரு சீரம் வந்து அந்த சனங்களின் மூஞ்சியையே கோளாறு என்கிறது.

அந்தப் புட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் நேர்மையாகப் பேசிவிடலாம். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

தோலின் மேலடுக்குக்கு அடியில் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கருத்த ஆளுக்கும் வெளுத்த ஆளுக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்கிற மெலனின் எவ்வளவு, என்ன வகை, எவ்வளவு பெரிய பொட்டலமாகக் கட்டி மேலே அனுப்பப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். மேலே போன மெலனின் ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கு மேலும் குடை மாதிரிக் கவிந்து நிற்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போய் மரபுப் பொருளைச் சிதைக்காமல் தடுக்கிற குடை அது. ஆஸ்திரேலியாவில் போய்க் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் குடை போதாது. உலகத்தில் தோல் புற்றுநோய் மிக அதிகமாக வருகிற நாடுகளில் அது ஒன்று. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிறவளுக்கும், கோவளம் பக்கத்து உப்பளத்தில் உப்பு வாரினவளுக்கும், கல் உடைக்கிறவனுக்கும் இந்தக் குடையை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பிறப்பிலேயே இருந்தது.

சீரத்தில் இருப்பது பெரும்பாலும் நாலைந்து சரக்குதான். வைட்டமின் சி, நிறமி உண்டாக்குகிற டைரோசினேஸ் என்ற நொதியைக் கொஞ்சம் அடக்கும். வெயில் செய்கிற கேட்டையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் மஞ்சளாகிப் பழுப்பாகிக் கெட்டுப்போகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், சித்திரை மாசத்தில், அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று விளம்பரத்தில் சொல்வதில்லை. நியாசினமைடு என்ற வைட்டமின் பி3, கட்டின பொட்டலம் மேல் செல்லுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கும். அர்பூட்டினும் கோஜிக் அமிலமும் மறுபடி அந்த நொதியைத்தான் பிடிக்கின்றன. கோஜிக் அமிலம், ஜப்பான்காரர்கள் அரிசி மதுவுக்கு வளர்க்கிற பூஞ்சையில் கிடைத்த சரக்கு.

இதனால் பயன் உண்டா? உண்டு. பரு வந்து ஆறின இடத்துக் கருந்தழும்பு, பிள்ளை பெற்ற பிறகு கன்னத்தில் விழுகிற மங்கு, இதெல்லாம் இரண்டு மூன்று மாசத்தில் கொஞ்சம் மங்கும். வெயிலைத் தடுக்காமல் சீரம் மட்டும் போட்டால் மங்கு திரும்பி வரும். போடுவதை நிறுத்தினாலும் வரும். அவ்வளவுதான் கதை. பிறவி நிறத்தை அது தொடாது. மேற்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்க, வெயில் படாத இடம். உங்க நிறத்துக்கு எல்லை அங்கேதான் இருக்கிறது. எந்தப் புட்டியும் அந்த எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போகாது. மங்கு விழுந்த ஒரு பெண் தோல் டாக்டரைப் பார்த்து அளவாக வாங்கிப் போட்டால் அதைக் குத்தம் சொல்ல ஒன்றுமில்லை. தழும்புக்கு மருந்து என்று விற்றால் நமக்குச் சண்டையே இல்லை.

அப்படி விற்கவில்லை என்பதுதான் விஷயம்.

பழைய கள், புது மொந்தை. இந்த நியாசினமைடை வைத்து இந்துஸ்தான் லீவர் 1971-ல் காப்புரிமை வாங்கி, 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி என்று ட்யூபில் அடைத்தது. 1998-ல் சென்னைக் கம்பெனி கெவின்கேர், குங்குமப்பூவும் பாலும் என்று ஃபேர்எவரைக் கொண்டுவந்தது. ஷாம்பு சாஷே வந்த வழியிலேயே சிவப்பழகு க்ரீமும் சேரிப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியது. ஒரு நாள் கூலியில் முழு ட்யூப் வாங்க முடியாதவளுக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்கு வெளுப்பு. பொம்பளைங்க மட்டும் ஏன் என்று 2005-ல் இமாமி ஆம்பளைக்குத் தனியாக ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் போட்டது.

எதிர்ப்பும் வராமல் இல்லை. 2009-ல் சென்னையிலிருந்து கருப்பே அழகு என்ற பிரச்சாரத்தை விமன் ஆஃப் வொர்த் தொடங்கியது. கருத்த தோல்காரரைத் தோற்றவராக, ஏங்குகிறவராகக் காட்டக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் தர மன்றம் விதி போட்டது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு, 1954-ம் வருசத்து மாய மருந்து விளம்பரச் சட்டத்தில் சிவப்பழகு என்பதையும் சேர்க்க ஒரு வரைவு வெளியிட்டது. அந்த மே 25-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரன் முழங்காலை வைத்துக் கொன்றான். சரியாக ஒரு மாசம். ஜூன் 25-ல் ஃபேர் என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம் என்றது கம்பெனி. க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அமெரிக்கக் கருப்பனின் சாவுக்கு இங்கே ஒரு ட்யூபின் பேராவது மாறியது. வெண்மணியில் 1968-ல் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினதற்கு எந்தக் கம்பெனி எந்த லேபிளை மாற்றியது?

ஆக, சிவப்பு என்பது வெளுப்பானது, வெளுப்பு பொலிவானது, பொலிவு பளபளப்பானது. பளபளப்புக்குத்தான் இப்போது பிரைட்டனிங் என்று பேர். தீண்டாமை 1950-ல் அரசியல் சட்டத்தில் ஒழிந்த பிறகு டீக்கடையில் இரட்டை டம்ளராகப் பேர் மாற்றிக்கொண்டு உட்காரவில்லையா? அதே வித்தைதான்.

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கருங்கல் சிலையை உளியால் கொத்தி முடித்ததும் அது சாம்பல் பூத்தமாதிரி இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். பளபளப்பு ஏற ஏறக் கல் கருக்கும். கடைசியில் எண்ணெயும் தடவி இன்னும் கருக்க வைத்துத்தான் கோயிலுக்கு அனுப்புகிறார்கள். கல்லில் பளபளப்பும் கருப்பும் ஒன்றாகத்தான் போகிறது. முகத்துக்கு வரும்போது மட்டும் பளபளப்பு என்றால் வெளுப்பு என்று எவன் அகராதி எழுதினான்? அந்தக் கூடங்களிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடற்கரை. அங்கே வெள்ளைக்காரர்கள் காசு செலவழித்து விமானம் ஏறி வந்து வெயிலில் மல்லாந்து கிடக்கிறார்கள், கொஞ்சம் கருக்க வேண்டும் என்று. அவர்கள் கருத்தால் அது ஓய்வின் அடையாளம். நம்ம ஆள் கருத்தால் அது உழைப்பின் அடையாளம். தோல் நிறத்தில் என்ன இருக்கிறது, யார் வெயிலில் நின்றான் எதற்காக நின்றான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்ம தோழர்கள் சிலரோடு எனக்குத் தகராறு உண்டு. வெள்ளை ஆரியன், கருப்புத் திராவிடன், நிறம்தான் சாதி என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அம்பேத்கர் இதை 1936-லேயே, சாதி ஒழிப்பு உரையில் மறுத்துவிட்டார். பஞ்சாப் பார்ப்பனனும் பஞ்சாப் சாமரும் ஒரே இரத்த வழிதான், சென்னை மாகாணத்துப் பார்ப்பனனும் இங்கத்துப் பறையரும் ஒரே வழிதான், சாதியை இனப் பிரிவினை என்று சொல்ல இடமில்லை என்பது அவர் வாதம். சாதி இந்துக்களுக்கும் இது தெரியும். 'கறுத்த பார்ப்பானையும் சிவத்த பறையனையும் நம்பாதே' என்று பழமொழி வைத்திருக்கிறார்களே, அது என்ன? நம்மைத் திட்டுகிற பழமொழிதான். ஆனால் திட்டுகிற அவசரத்தில் உண்மையைக் கக்கிவிட்டான். கருத்த பார்ப்பான் உண்டு, சிவத்த பறையன் உண்டு, நிறத்தைப் பார்த்துச் சாதி கண்டுபிடிக்க முடியாது. முடியாததால்தான் முதலில் ஊரைக் கேட்கிறான், பிறகு தெருவைக் கேட்கிறான், அப்பன் பேரைக் கேட்கிறான், குலதெய்வத்தைக் கேட்கிறான். நிறத்தில் எழுதியிருந்தால் இத்தனை கேள்வி எதற்கு?

நிறம் சாதி இல்லை. ஆனால் சாதி நிறத்தைக் கூலிக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள். நல்ல நிறமுள்ள மணமகள் தேவை என்று ஒரு வரி. சாதி தடையில்லை, எஸ்.சி., எஸ்.டி. தவிர என்று அடுத்த வரி. முதல் வரிக்கு ஆசைப்பட்டு நம்ம பொண்ணு அறுநூறு ரூபாய்ப் புட்டி வாங்கினால், ரெண்டாவது வரிக்கு எந்தப் புட்டி வாங்குவது?

2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் அன்னதானம். பூஞ்சேரியிலிருந்து வந்த நரிக்குறவர் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு. முதல் பந்தியில் உட்கார விடாமல் விரட்டிவிட்டார்கள் என்று அவர் பேசின வீடியோ ஊரெல்லாம் பரவியது. பிறகு அறநிலையத்துறை அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4-ல் முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்லது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. முகத்தில் எந்தச் சீரம் போட்டுக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு அந்தப் பந்தியில் அவருக்கு இலை விழுந்திருக்கும்? அவர் வாங்கினது பேச்சால். பேசியதும் அமைச்சர் வரை வந்தார்கள்.

இதே மாவட்டத்துக்காரர்தான் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். 1893-ல் பத்திரிகை தொடங்கினபோது என்ன பேர் வைத்தார்? 'பறையன்'. எந்தப் பேரைச் சொல்லி எச்சில் துப்பினானோ அதையே தலைப்பில் அச்சடித்தார். பேரை வெளுக்கவில்லை, பளபளப்பும் ஏற்றவில்லை. அந்தக் காலத்திலேயே பேரை மாற்றிக்கொண்டால் மரியாதை கிடைக்கும் என்று புத்தி சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்?

அதற்காக, க்ரீம் வாங்குகிற நம்ம பிள்ளைகளை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் நான் இல்லை. ஆம்பளை எழுத்தாளர்களுக்கு இது ஒரு சுகமான வேலை: கருப்பே அழகு என்று கவிதை எழுதுவது, பொண்ணு பார்க்கப் போகும்போது செவப்பா என்று கேட்பது. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் முன்மேசையில் யார் நிற்கிறார்கள், பின்கட்டில் படுக்கை விரிப்பு துவைக்க யாரை வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடையில் கல்லாப் பக்கம் யார், குடோனில் யார்? சம்பளத்தில் வித்தியாசம் இருக்கும்போது ஒரு பொண்ணு அந்த முன்மேசைக்காகச் சீரம் வாங்குகிறாள் என்றால் அவள் கணக்குத் தெரிந்தவள். கரிச்சட்டி, அண்டங்காக்கா என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்குக் கருப்பின் பெருமையைப் போதிக்க நாம் யார்? அவளை வேலைக்கு எடுக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவளிடம் கேட்கக் கூடாது. அவளிடம் சொல்ல வேண்டியது வேறு. உன் காசுக்கு அந்தப் புட்டி தருவது இவ்வளவுதான் என்ற உண்மை ஒன்று. அதைவிட மலிவாக மெடிக்கலில் கிடைக்கிற ட்யூபைத் தொடாதே என்பது இன்னொன்று.

ஏனென்றால் சீரம் என்பது கொஞ்சம் வசதியுள்ளவளின் ஏமாற்றம். அறுநூறு ரூபாய் போகும், முகம் தப்பிக்கும். காசில்லாதவளுக்குக் கிடைப்பது ஸ்டீராய்டுக் களிம்பு. பெட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருக்கும். கரப்பானுக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. முகத்தில் போட்டால் முதல் இரண்டு வாரம் மூஞ்சி வெளுக்கும், மழமழவென்று ஆகும். தெருவே கேட்கும், என்னடி போட்ட என்று. அவளும் சொல்வாள். இப்படித்தான் ஒரு ட்யூப் ஒரு தெருவையே பிடிக்கும். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், சிவக்கும், வெயிலில் எரியும், பரு கிளம்பும், தாடையில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் இன்னும் எரியும். அதனால் மறுபடி போடுவாள். 2011-ல் தோல் டாக்டர்கள் இந்தியாவின் பல ஊர்களில் சேர்ந்து நடத்தின ஆய்வில், முகத்தில் கோளாறு என்று வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு போட்டவர்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் போடச் சொன்னது டாக்டர் இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. சீட்டைக் கேட்கிற கடை உங்க ஊரில் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பாதரசம் இன்னொரு கேடு. 2014-ல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகு க்ரீம்களைச் சோதித்து 14-ல் பாதரசம் இருப்பதைக் கண்டது. பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை சிறுநீரகம் கெட்டு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். அதில் 15 பேருக்கு ஒரே அபூர்வ வகை. அந்த 15-ல் 13 பேர் வெளுக்கிற க்ரீம் போட்டவர்கள். முகத்தில் பூசினது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தது. லேபிளில் கம்பெனி பேரோ என்ன கலந்தது என்ற பட்டியலோ இல்லாத டப்பா எதுவாக இருந்தாலும், அதில் எவ்வளவு வெளுத்தாலும், வீட்டில் வைக்காதீர்கள்.

சரி, தோலை வெளுக்க வைக்கும் இந்த வித்தை எங்கே கண்டுபிடிக்கப்பட்டது? அழகு நிலையத்திலா? இல்லை. தோல் ஷாப்பில்.

தோல் ஷாப்பு நமக்கு அந்நியமா? குரோம்பேட்டை என்ற பேரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். சுண்ணாம்புக் குழியில் இறங்கினவர்கள் யாருடைய பாட்டன்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள். எருமைத் தோலோ பசுந்தோலோ, சுண்ணாம்பில் ஊற வைத்து மயிரையும் மேல்சவ்வையும் வழித்துவிட்டால் எல்லாம் வெளுத்துத்தான் கிடக்கும். கருப்பும் சிவப்பும் அந்த மேல்சவ்வோடு போய்விடும். இவ்வளவு மெல்லிசான ஒரு சவ்வு அது. இதற்குத்தான் இத்தனை கூத்து.

அமெரிக்காவில் 1939-ல் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கனமான ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தவர்களுக்கு, பெரும்பாலும் கருப்பினத்துத் தொழிலாளிகள், கையும் முன்கையும் திட்டுத் திட்டாக வெளுத்தது. டாக்டர்கள் தேடிப் பார்த்தார்கள். ரப்பர் சீக்கிரம் கெடாமலிருக்க அதில் சேர்த்த ஹைட்ரோகுயினோன் வகைச் சரக்கு ஒன்று நிறமிச் செல்லையே கொன்றுகொண்டிருந்தது. தொழிலாளிக்கு அது வியாதி. பிற்பாடு அதே சரக்கை மருந்தாக்கினார்கள். அதன் தம்பியான ஹைட்ரோகுயினோன் வெளுப்புக் களிம்புக்கெல்லாம் ராஜா ஆனது.

1975-ல், அதாவது இங்கே ஃபேர் அண்ட் லவ்லி வந்த அதே வருசம், ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கலவையை வெளியிட்டார். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. இந்த மூன்று சேர்ந்த கலவையின் பேரப்பிள்ளைகள்தான், ஸ்டீராய்டின் பேர் மட்டும் மாறி, இன்றைக்கு நம்ம மெடிக்கல் ஷாப்பில் ட்யூப் ட்யூபாக இருக்கின்றன. யார் இந்தக் கிளிக்மன்? பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் முதுகில் கம்பெனிகளுக்காகச் சரக்குகளைத் தடவிச் சோதித்த பரிசோதனைகளை நடத்தியவர். கைதிகளில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். சில டாலர் கூலி. 2021-ல் அவர் வேலை பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கேட்டது, 2022-ல் பிலடெல்பியா நகரமும் கேட்டது. எல்லாம் முடிந்து ஐம்பது வருசம் கழித்து.

கருப்புத் தொழிலாளியின் கையில் வியாதியாகத் தெரிந்ததும், கருப்புக் கைதிகளைச் சோதித்தவர் கலந்ததும் திரும்பி வந்து கருப்புப் பொண்ணுக்கே அழகாக விற்கப்படுகிறது. நம்ம தோலை உரித்துச் செருப்பு தைத்துக்கொள்ளுங்கள் என்று அரசியல் மேடையில் பேசுவார்களே, அது வெறும் பேச்சு. இது நிஜமாகவே நடந்தது.

கடைசியாகத் திருமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது. அதற்கு முன்னால் லேடி வில்லிங்டன் பேரில் இருந்த தொழுநோயாளர் இல்லம் அது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டோம் என்று 2005 கடைசியில் அறிவித்த இந்தியாவில், 2022-23-ல் மட்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தொழுநோயாளிகள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த நோய் கருத்த தோலில் முதலில் எப்படித் தெரியும்? வெளிறின ஒரு திட்டாக. சில சமயம் செம்பு நிறத்தில். தொட்டால் உணர்ச்சி இருக்காது, வியர்க்காது, வலிக்காது. வலிக்காததால் யாரும் கவலைப்படுவதில்லை. தேமல் என்று நினைத்துக் கடைக்களிம்பு தடவுகிறார்கள். மாசக்கணக்கில் தடவுகிறார்கள். அதற்குள் நரம்பு கெட்டு விரல் மடங்க ஆரம்பித்துவிடும். மடங்கின விரல் மாத்திரையால் நிமிராது. வெளிறின இடம் ஒன்று தெரிந்தால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இறகையோ பஞ்சையோ வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் களிம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். மாத்திரை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாசம் அல்லது ஒரு வருசம்.

அந்தக் கூட்டு மாத்திரையில் ஒன்று குளோஃபாசிமின். அதைச் சாப்பிட்டால் தோல் கருக்கும். முதலில் செம்மை பூத்து, பிறகு கருஞ்சிவப்பாகி, திட்டு இருந்த இடம் இன்னும் அதிகமாகக் கருக்கும். தீங்கு இல்லாத நிறம்தான். ஆனால் இந்த நிறத்துக்குப் பயந்து மாத்திரையை ஒளித்து வைக்கிறவர்கள், பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு என்பது தொழுநோய் வைத்தியம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் பேசியிருக்கிற பொண்ணு நிறுத்துவாள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவன் நிறுத்துவான். வெளுக்க வைக்கிற விஷத்தை ஆசையோடு பூசிக்கொள்கிற அதே வீட்டில், குணமாக்குகிற மருந்து கருக்க வைக்கிறது என்பதற்காகக் குப்பைக்குப் போகிறது. அப்படி நிறுத்தினவருக்கு நோய் திரும்பும், கை கால் போகும், வேலை போகும்.

நம்ம தெருவில் யாராவது அந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால், ஏன் இப்படிக் கருத்துட்ட என்று கேட்காதீர்கள். அட்டை முடிகிறவரை சாப்பிடச் சொல்லுங்கள். நிறுத்தின பிறகு மாசக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருசத்துக்கும் மேல் ஆகும், தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். பழைய கருப்புக்கு.